பினாங்கில் பால் தொடாமல்

அன்புள்ள ஐயா,

பினாங்கு ஜார்ஜ் டவுன் வீதிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளைப் படித்திருக்கிறேன். சாப்பாடு வரும் இடங்களை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். எல்லாவற்றிலும் மீனோ இறாலோ இருந்தது. நான் நான்கு வருடங்களாக வீகன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. மதம், விரதம் எதுவும் காரணமில்லை. ஒரு மாட்டுப் பண்ணையில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு முடியவில்லை. வீட்டில் இதற்காக ஒரு யுத்தமே நடந்து ஓய்ந்திருக்கிறது.

அடுத்த மாதம் வேலை விஷயமாக ஒரு வாரம் பினாங்கு போகிறேன். அலுவலக நண்பர், "அங்கே லிட்டில் இந்தியா இருக்கு, நம்ம ஊர் சைவக் கடை வரிசையா இருக்கு, கவலையே வேண்டாம்" என்கிறார். கணவர் பெட்டியில் பாதிக்கு அவலும் பருப்புப் பொடியும் அடைத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சீனக் கடைகளுக்குள் நான் நுழையவே முடியாது, இல்லையா?

கே., திருப்பூர்

*

அன்புள்ள கே.,

பருப்புப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள், அது எந்த ஊருக்கும் நல்லது. அவல் வேண்டாம். நண்பர் சொன்னது பாதி சரி. நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் முழுத் தவறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வீகன் இல்லை. காலையில் பால் காப்பி குடிக்காமல் எனக்கு ஒரு வரி ஓடாது. இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மகளிடமிருந்து வந்தது. அவள் கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இருவருமாக ஜார்ஜ் டவுனில் பத்து நாள் தங்கினோம். அவள் என்ன சாப்பிடுகிறாளோ அதையே நானும் சாப்பிடுவது என்று ஒப்பந்தம். காப்பிக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் நாங்களும் உங்கள் நண்பர் சொன்ன இடத்துக்குத்தான் போனோம். லெபோ பாசார், லெபோ பினாங் பக்கம். பூக்கடை, பாத்திரக் கடை, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு, சாம்பிராணி வாசம். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாற வந்தவரிடம் மகள் தெளிவாகத்தான் சொன்னாள்: "அண்ணே, எனக்குப் பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம்."

"விரதமா தங்கச்சி?"

"இல்லண்ணே, சாப்பிடறதில்ல."

"விரதம்னாலும் பால் சாப்பிடலாமே" என்றபடியே அவர் பருப்பை ஊற்றினார். நெய் ஏற்கெனவே உள்ளேயே இருந்தது. குருமாவில் தயிர். முட்டைக்கோஸ் பொரியலும் ரசமும் அப்பளமும் தேறின. நானும் உதவி செய்வதாக நினைத்து என் இலையிலிருந்த மிளகாய் வற்றலை எடுத்து அவள் இலையில் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் இலைக்கே தள்ளிவிட்டு, "அப்பா, அதுக்குப் பேரே மோர்மிளகாய்" என்றாள். ஐம்பது வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதில் மோர் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த அண்ணன் மீது எந்தத் தப்பும் இல்லை. நம் பேச்சில் சைவம் என்றால் பால் அதற்குள்ளேயே அடக்கம். பால் ஒரு பண்டமாகவே கணக்கில் வராது, தண்ணீர் மாதிரி. நெய் ஊற்றுவது உபசாரம், வேண்டாம் என்றால் இலையில் உட்கார்ந்தவர் கூச்சப்படுகிறார் என்று பொருள். வீகனுக்கு 'நனிசைவம்' என்று ஒரு நல்ல சொல் தமிழில் இருக்கிறது. பினாங்கில் அதைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. திருப்பூரிலும் புரியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் மகள் என்னைச் சீனச் சைவக் கடைக்கு இழுத்துப்போனாள்.

இங்கே ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோரின் முன்னோர் தென்சீனக் கடலோரத்துக்காரர்கள். அந்தச் சமையலில் தயிரும் வெண்ணெயும் நெய்யும் கிடையாது. விலக்கியதால் அல்ல, அவை அந்த அடுப்பங்கரைக்குள் வரவே இல்லை. அந்தச் சமையலிலிருந்து பௌத்தத்துக்காகக் கறியையும் மீனையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய நீங்கள் சாப்பிடும் சாப்பாடுதான். யாரும் அதற்கு வீகன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. நோன்புச் சமையலில் அவர்கள் வெங்காயம், பூண்டு இனத்துக் காரவாசனைப் பொருட்கள் ஐந்தை விலக்குகிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றாகப் பழைய பௌத்த நூல்கள் சொல்வது பெருங்காயத்தை. நம் வீடுகளில் வெங்காயம் சேர்க்காத நாளில் அதற்குப் பதிலாகப் போடுவதே பெருங்காயம்தான். அதனால் அந்தச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சி, வெள்ளை மிளகு, நல்லெண்ணெய், புளிக்கவைத்த சோயா விழுது, காய்ந்த காளான் என்று அவர்களிடம் வேறு ஆயுதங்கள் இருக்கின்றன.

கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடுங்கள். மேலே மூன்று கிடைக்கோடுகளைச் செங்குத்தாக ஒரு கோடு துளைத்துக்கொண்டு போகும், கீழே முறுக்கிய நூல் போல ஒரு வடிவம். அது நூலேதான். சாயம் ஏற்றாத பட்டு என்பது அந்த எழுத்தின் பழைய பொருள். மாண்டரினில் 'சூ' என்று படிப்பார்கள், சைவச் சாப்பாடு என்று அர்த்தம். பல கடைகளிலும் பொட்டலங்களிலும் ஸ்வஸ்திகமும் இருக்கும், நம்முடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. வாயால் சொல்வதென்றால் அங்குள்ள சீனர்களின் பேச்சுமொழியான பினாங்கு ஹொக்கியனில் "வா சியா சாய்". 'நான் காய்கறி சாப்பிடுகிறவன்' என்பது நேர்ப்பொருள், ஆனால் நோன்புச் சாப்பாட்டுக்காரர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் உச்சரிப்பைக் கேட்டு ஒரு பாட்டி வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் சரியான தட்டைத்தான் கொடுத்தார்.

அந்தக் கடைகளில் தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். எதிரே இருபது முப்பது பாத்திரங்கள். பாகற்காய், கத்தரிக்காய், கீரைகள், தவ்வு (டோஃபு), சோயாப்பால் ஆடையைக் காயவைத்துப் பொரித்தது, கறி மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று. நீங்களே எடுத்துக்கொண்டு போனால் ஒரு பார்வையில் விலை சொல்வார்கள். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று பத்து நாளும் கவனித்தேன், பிடிபடவில்லை. ஆனால் ஒருநாள்கூட அதிகம் என்று தோன்றியதில்லை.

அந்தக் 'கறி மாதிரி' விஷயத்தில்தான் உங்களுக்கு எச்சரிக்கை. கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்வது அது. கோழிக்கால் மாதிரிச் செய்து, எலும்புக்குப் பதிலாகக் கரும்புக் குச்சியைச் செருகியிருப்பார்கள். (அவ்வளவு தூரம் போவானேன் என்று எனக்குத் தோன்றும். மகளுக்கோ அதைப் பார்க்கவே பிடிக்காது.) சில தயாரிப்புகளில் இறுக்கத்துக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள், சிலவற்றில் பால் புரதம். சோயாவாகவும் காளானாகவும் கண்ணுக்குத் தெரிவதை எடுங்கள், வேறொன்றின் வேஷம் போட்டிருப்பதைக் கேட்டு எடுங்கள். "தெலூர்?" என்றால் முட்டையா, "சூசூ?" என்றால் பாலா. மலாய்ச் சொற்கள்தான், சீனக் கடையிலும் செல்லும்.

மலாய்ச் சாப்பாடுதான் மூன்றிலும் கடினம். காரணம் ஒரே சொல்: பெலாச்சான். இறால் கூனியைப் புளிக்கவைத்து இடித்த விழுது. சம்பல் என்கிற மிளகாய்த் தொக்கு என்றால் பெரும்பாலும் அது இருக்கும். நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப் பாலில் வெந்தது, உங்களுக்கு ஆகும். கூட வரும் சம்பலில் நெத்திலி. ஒரு கடையில் "சாயுர் சஹாஜா", காய்கறி மட்டும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தோம். கங்குங் கீரை வந்தது, பளபளவென்று, பெலாச்சான் மணக்க மணக்க. கடைக்காரர் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறார். கீரை காய்கறிதானே! ஹலால் பலகையும் இதில் உதவாது, மீனும் இறாலும் ஹலால்தான்.

ஆகவே தத்துவத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுங்கள். "சாயா தாக் மாக்கான் டாகிங், ஈக்கான், ஊடாங், தெலூர், சூசூ. பெலாச்சான் பூன் தாக்." கறி, மீன், இறால், முட்டை, பால் சாப்பிடமாட்டேன், பெலாச்சானும் கூடாது. சூசூ வேண்டாம் என்றால் தேங்காய்ப் பாலும் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மலாயில் அது பாலே இல்லை, அதற்குத் தனிப்பெயர், சந்தான். தமிழ்க் கடையில்தான் "தேங்காய்ப் பால் பரவாயில்லை" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாலில்லாத இனிப்புக்கு ஏங்குகிறவர் நீங்கள் என்றால் பினாங்கு உங்கள் ஊர். கூவே என்று சொல்லும் சிறு பலகாரங்கள், மலாய்க்காரர்களும் ஞோஞா (சீன-மலாய்க் கலப்பு மரபு) வீட்டுக்காரர்களும் செய்வது, முக்கால்வாசி அரிசிமாவும் மரவள்ளிமாவும் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும்தான். ஓன்டே ஓன்டே நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை. வெளியே தேங்காய்த் துருவல், உள்ளே உருகிய வெல்லம், கடித்தால் சட்டையில் தெறிக்கும். பாசிப்பயறு பூரணம் வைத்த சிவப்பு ஆமை வடிவ அங்கூ கூவே. அடுக்கடுக்காக ஆவியில் வேகவைத்த கூவே லாப்பிஸ். மகள் அதை ஒவ்வொரு அடுக்காக உரித்துச் சாப்பிடுவாள். ஆனால் பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம். அடுப்பில் சுட்ட கேக் லாப்பிஸ் முழுக்க முட்டையும் வெண்ணெயும். சங்குப்பூச் சாறு தெளித்த நீலப் பசையரிசிச் சோறு ஒன்று உண்டு, பூலூட் தாய் தாய். சோறு ஆகும், தொட்டுக்கொள்ளத் தரும் காயா என்கிற ஜாம் முட்டையில் செய்தது. ஏதாவது கூவேயின் பச்சை மேல்அடுக்கு கஸ்டர்டு போல ஆடினால் அதிலும் முட்டை. தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்த ஐஸ் பானமான செண்டோல் தாராளமாகக் குடிக்கலாம். சீவிய ஐஸ் இனிப்பான ஐஸ் கச்சாங்கில் டின்பால் ஊற்றிவிடுவார்கள்.

குடிக்கும் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் 'கோப்பி' என்றால் டின்பால் சேர்த்தது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'தே ஓ' தேநீருக்கு. நுணுகிப் பார்ப்பவர் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பழைய முறையில் காப்பிக் கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினோ வெண்ணெயோ சேர்ப்பார்கள். மகள் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தே ஓ-வுக்கு மாறிவிட்டாள். எனக்கு அப்போதுதான் ஏன் அந்தக் காப்பி அவ்வளவு ருசி என்று புரிந்தது.

தமிழ்க் கடைகளைக் கைவிடச் சொல்லவில்லை. காலையில் போங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று அவர்கள் கேட்கும் நேரம், அந்த ஊர்த் தமிழில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. இட்லி, எண்ணெய் விட்ட தோசை, வடை, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய இடியாப்பம், எல்லாம் ஆகும். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வேண்டாம், மாவிலேயே நெய்யோ பாலோ முட்டையோ இருக்க வாய்ப்பு அதிகம். பருப்புக் கறியையும் விசாரித்துவிடுங்கள். ஒரு கடையில் என் கிண்ணத்தின் அடியில் ஆட்டெலும்பு தட்டுப்பட்டது. மாலையில் மாரியம்மன் கோயிலிலிருந்து ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் வழியாக நடந்து பாருங்கள். 1833ல் எழுந்த மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் மசூதி, குவான் யின் அம்மன் கோயில், ஆங்கிலேயர் தேவாலயம், எல்லாம் பத்து நிமிட நடைக்குள். ஒவ்வொரு வாசலிலும் எது தின்னலாம், எது கூடாது என்பதற்கு ஒரு தனிப் பட்டியல். உங்கள் பட்டியல் அவற்றில் எதனோடும் முழுசாகப் பொருந்தாது, குவான் யின் வாசலில் இருப்பதுதான் மிக நெருங்கி வரும்.

அப்புறம் தேதி. உங்கள் வீட்டு நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவற்றையொட்டியே வரும், அன்று நிறையப் பேர் நோன்புச் சாப்பாடு. சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளில் நவ அரசத் தேவர் விழா நடக்கும், பெரும்பாலான வருடங்களில் நம் நவராத்திரியோடு சேர்ந்து வரும். அப்போது தெருவெல்லாம் மஞ்சள் கொடி கட்டிய சைவ ஒட்டுக்கடைகள். உங்கள் பயணம் அதில் விழுந்தால் அதிர்ஷ்டம்தான். நோன்பு நாட்களில் கடைக்குப் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். நாங்கள் ஒரு பௌர்ணமியன்று ஒரு மணிக்குப் போய், மிச்சமிருந்த பீஹூனை (அரிசி சேமியா) சுரண்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

ஒரே ஒரு குறை. பினாங்கு அசாம் லக்சா, புளியும் இஞ்சிப் பூவும் சேர்ந்த அந்தக் குழம்பு, மீன் இல்லாமல் சைவக் கடைகளில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் அலைந்தோம். போன இடமெல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். உங்களுக்குக் கிடைத்தால் எந்தத் தெரு என்று எழுதுங்கள், மகளுக்கு அனுப்பவேண்டும்.