வெளி ட்ரிகரும் செத்துப்போன இன்புட் பின்னும்

கேள்வி: நியூக்ளியோ எஃப்401 மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் ஒரு பின்னுக்கு ஃபங்க்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சதுர அலையை ட்ரிகராக (வேலையைத் தொடங்கச் சொல்லும் சிக்னலாக) கொடுத்தேன். போர்டு 3.3 வோல்ட் என்பதால் ஜெனரேட்டரிலும் 3.3 வோல்ட் பீக்-டு-பீக் (அலையின் அடியிலிருந்து உச்சி வரை) என்றுதான் வைத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மூன்றாம் நாள் அந்தப் பின் செத்துவிட்டது. போர்டு மட்டமா? ஜெனரேட்டர் திரையின் படம் இணைத்திருக்கிறேன்.
– இறுதியாண்டு மாணவர், திருச்சி

பதில்: போர்டைத் திட்டாதீர்கள், பாவம் அது இரண்டு நாள் தாங்கியதே பெரிது. உங்கள் படத்தின் மூலையில் 'லோடு 50 ஓம்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மறுமுனையில் 50 ஓம் இருக்கும் என்று நம்பித்தான் ஜெனரேட்டர் 3.3 என்று காட்டுகிறது. உங்கள் பின்னோ கிட்டத்தட்ட கரண்டே இழுக்காதது, அதனால் உண்மையில் வந்தது இரண்டு மடங்கு, 6.6 வோல்ட். அதுவும் ஆஃப்செட், அதாவது அலையின் நடுக்கோடு, பூஜ்யம் என்பதால் மேலே +3.3, கீழே −3.3. மேல்பக்கம் மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது, அதனால்தான் எல்லாம் ஓடுவது போலத் தெரிந்தது. ஒவ்வொரு முறை அலை கீழே இறங்கும்போதும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக 50 மில்லிஆம்பியருக்கு மேல் பாய்ந்திருக்கும். அந்தப் பின்னுக்கு அனுமதி 5 மில்லிஆம்பியர்தான்.

சரி, இனி என்ன செய்வது? லோடை ஹை-இசட் (மறுமுனை கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது) என்று மாற்றுங்கள். அப்புறம் ஆம்ப்ளிட்யூட் 3.3, ஆஃப்செட் 1.65 வையுங்கள். ஹை லெவல், லோ லெவல் என்று தனித்தனியாகக் கேட்கும் மெனு இருந்தால் 3.3, 0 என்று கொடுப்பது இன்னும் எளிது. இந்தச் சிப் 2.31 வோல்ட்டுக்கு மேல் ஒன்று, 0.99-க்குக் கீழ் பூஜ்யம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். நடுவில் நின்றால் அதன் இஷ்டம். பின்னுக்கு முன்னால் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள், நாளைக்கு ஆஃப்செட் வைக்க மறந்தாலும் 3 மில்லிஆம்பியரைத் தாண்டாது. வயரைச் செருகும் முன் ஆஸிலோஸ்கோப்பில் ஒரு தடவை பாருங்கள், ஜெனரேட்டர் திரையை நம்பி நானும் ஒரு பின்னைப் பறிகொடுத்தவன்தான்.

கேள்வி: பட்டறையில் 24 வோல்ட் பிஎன்பி ப்ராக்ஸிமிட்டி சென்சார் (இரும்பு கிட்டே வந்தால் அவுட்புட்டில் 24 வோல்ட் தருவது) இருக்கிறது. அதையே இதே மாதிரி போர்டுக்கு ட்ரிகராக்க இரண்டு ரெசிஸ்டர் போதும் என்கிறார் நண்பர். போதுமா?
– வாசகர், கோவை

பதில்: கணக்குப்படி போதும். சென்சார் பக்கம் 10 கிலோ ஓம், கிரவுண்ட் பக்கம் 1.5 கிலோ ஓம் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் 24 வோல்ட் சுமார் 3.1 ஆகிவிடும். மேஜை மேல் வைத்து விளையாட அது சரி. பக்கத்திலேயே மோட்டாரும் கான்டாக்டரும் ஓடும் பட்டறையில் நான் அதைச் செய்ய மாட்டேன், 40 ரூபாய்கூட ஆகாத பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பது) ஒன்றை நடுவில் போட்டுவிடுவேன். சென்சாரின் கறுப்பு (அவுட்புட்) வயரை 4.7 கிலோ ஓம் வழியாக ஆப்டோவின் 1-ஆம் காலுக்கும், நீல (மைனஸ்) வயரை 2-ஆம் காலுக்கும் கொடுங்கள். 3-ஆம் கால் போர்டின் கிரவுண்டுக்கு. 4-ஆம் கால் ட்ரிகர் பின்னுக்குப் போகும், அங்கிருந்தே 10 கிலோ ஓம் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். 24 வோல்ட் சப்ளையின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் ஆப்டோ போட்டதே வீண். இன்னொன்று, இதில் சிக்னல் தலைகீழாக வரும். இரும்பு எதிரே வந்ததும் பின் பூஜ்யத்துக்கு இறங்கும், ஆகவே புரோகிராமில் ரைசிங் எட்ஜ் (சிக்னல் ஏறும் கணம்) என்று இருப்பதை ஃபாலிங் எட்ஜ் (இறங்கும் கணம்) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.