பூ செதுக்கிய இழைப்புளி

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தில் வசிக்கிறேன். ஹார்லெம் பக்கம் பழம்பொருள் சந்தை ஒன்றில் மர இழைப்புளி வாங்கினேன். மேலே 1773 என்று ஆண்டு, சுற்றிலும் செதுக்கு வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. இவ்வளவு வேலைப்பாடு இருப்பதால் அலங்காரத்துக்குச் செய்ததாகத்தான் இருக்கும் என்கிறார் நண்பர். அப்படியா? என்ன விலை பெறும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உப்புத்தாளா! எத்தனையோ தச்சர்களின் கைப்பிசுக்கு ஏறிக் கறுத்த மரத்தைப் புதுசாக்கிவிட்டு விலை கேட்கிறீர்கள். தேய்ப்பதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதா? சரி, போனது போகட்டும்.

எனக்கு உறுத்துவது உங்கள் நண்பர் சொன்னது. வேலைப்பாடு இருந்தால் வேலைக்கு ஆகாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சு இழைப்புளிகளில் ஆண்டும் சுருள்களும் சகஜம். ஆம்ஸ்டர்டாமில் அவற்றைச் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் தச்சர்களுக்குத்தான் விற்றார்கள். செதுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சீவல் சுருண்டு மேலே வரும் இடத்தை ஒட்டி மரத்திலும் ஒரு சுருள். அடிப்பக்கத்திலோ ஒரு கீறல்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அலகு எட்டிப் பார்க்கும் வாய்க்கு முன்னால் சின்ன மரத்துண்டு ஏதாவது பதித்திருக்கிறதா? ஓட்டி ஓட்டி அடி தேயும். தேய்ந்ததை இழைத்துச் சமன் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் வாய் கொஞ்சம் அகலும். அகன்றால் சீவல் மெல்லிசாக வராது, பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கெட்டி மரத்தில் துண்டு வெட்டி வாயை மறுபடி குறுக்குவார்கள். ஒட்டு இருந்தால் நண்பரிடம் காட்டுங்கள். கண்ணாடி அலமாரியில் இருந்த பொருளுக்கு எவன் ஒட்டுப் போடுவான்?

அலங்காரத்துக்கென்றே செய்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஒஹையோவின் சாண்டஸ்கி கம்பெனி கருங்காலியும் தந்தமும் வைத்துச் செய்த, பள்ளம் இழைக்கும் இழைப்புளியின் படத்தைப் போன வாரம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகுதான், மனம் ஒட்டவில்லை. அதே அமெரிக்காவில் 1870-களில் ஸ்டான்லி கம்பெனி விற்ற மில்லர் பேட்டன்ட் இழைப்புளிக்கு உடம்பெல்லாம் வார்ப்பிரும்புப் பூங்கொடி. அதைப் பிடித்துப் பள்ளம் இழைத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அலகைத் தீட்டி ஒரு பைன் பலகையில் ஓட்டிப் பாருங்கள். அலகை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பை ஓங்கி அடிக்காதீர்கள், லேசாகத் தட்டினால் போதும். விலையை ஏலக்காரரிடம் கேளுங்கள். வார்னிஷ் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாவம்.