தூண்டிலா துப்பாக்கியா?

கடிதம்:

வணக்கம் தம்பி. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து எழுதறேன். பையன் பாலிடெக்னிக் முடிச்சிட்டான், அடுத்த மாசம் என்எஸ்ஸுக்கு, அதான் கட்டாய ராணுவ சேவைக்கு, தெக்கோங் தீவுக்குப் போறான். உக்ரைன்காரங்க லாரிக்குள்ள ட்ரோன ஒளிச்சு வச்சு ரஷ்யாவோட விமானத் தளத்தையே அடிச்சாங்களே, அந்த வீடியோவ காட்டி "இனிமே மிஷின்தான் சண்டை போடும், என்னை எதுக்கு ரெண்டு வருஷம் கூப்பிடறாங்க"ன்னு கேக்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல. இன்னொன்னு, நாளைக்கு அமெரிக்காவும் சைனாவும் மோதிக்கிட்டா நாம யார் பக்கம்? யாரோ ரெண்டு பேர் சண்டைக்கு எம்புள்ள போகணுமா? தப்பா நெனைக்காம பதில் போடுங்க.

உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அக்கா, இதுல தப்பா நெனைக்க ஒண்ணுமில்ல. பெத்தவங்க கேக்காம யார் கேப்பா.

உங்க பையன் பார்த்த வீடியோ 2025 ஜூன் 1ஆம் தேதி நடந்தது. மொத்தம் 117 ட்ரோன்னு உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி சொன்னாரு, சைபீரியாவுல இருக்கிற பெலாயா தளம் வரைக்கும் போய் அடிச்சுது, அது உக்ரைன்லேர்ந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஆனா அதே பேச்சுல அவர் இன்னொன்னும் சொன்னாரு, ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஓட்டறதுக்கு ஓர் ஆள் இருந்தான், திட்டம் போடவே ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு. வீடியோவுல மிஷின் மட்டும்தான் தெரியுது, அந்த ஆளுங்க தெரியல. பையன்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க.

நான் என்எஸ் பண்ணினப்போ கடலோரமா இருந்த ஒரு கேம்ப்ல கார்ட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி, ப்ரௌலர் ரவுண்ட், அதான் வேலியோரமா ரோந்து போறோம், நானும் இன்னொருத்தனும், வேலிக்கு அந்தப்பக்கம் ஓர் உருவம், கையில நீளமா ஏதோ இருக்கு. கத்தினேன், உருவம் நிக்கல. எனக்கு வயசு பத்தொன்பது, கையில துப்பாக்கி, நெஞ்சு படபடங்குது. கூட இருந்த மலாய்க்கார பையன் என் தோள்ல கை வச்சு "இரு, இரு"ன்னான். டார்ச் அடிச்சா ஒரு சீனத் தாத்தா, காது சரியா கேக்காது, கையில தூண்டில். பயந்துபோய் வாளியத் தூக்கிக் காட்டி "இக்கான், இக்கான்"ங்கறாரு, மலாய்ல மீனுன்னு அர்த்தம். அந்த மூணு நாலு செகண்ட் இன்னும் எனக்குள்ள இருக்கு.

இப்போ அதே வேலியில கேமராவும் துப்பாக்கியும் சேர்ந்த ஒரு மிஷின வச்சுப் பாருங்க. ராத்திரி, நீளமான பொருள், கூப்பிட்டும் நிக்கல. அதுக்கு "இரு"ன்னு யார் சொல்றது?

அதுக்காக மனுஷன் இருந்தா தப்பே நடக்காதுன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அது பொய். 1988 ஜூலை 3, ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் வின்சென்ஸ்ங்கற அமெரிக்க போர்க்கப்பல் ஈரானோட பயணிகள் விமானத்தச் சுட்டுத் தள்ளுச்சு, 290 பேர் செத்தாங்க. கப்பலோட கம்ப்யூட்டர் விமானம் மேல ஏறுதுன்னு சரியாத்தான் பதிவு பண்ணியிருந்துச்சு, பதற்றத்துல இருந்த ஆளுங்க அது நம்மள நோக்கி இறங்குதுன்னு நெனச்சுட்டாங்க. 2003 மார்ச்ல அப்படியே தலைகீழ்: ஈராக் போர்ல அமெரிக்காவோட பேட்ரியாட் வான் பாதுகாப்பு சிஸ்டம், திரும்பி வந்துக்கிட்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்த எதிரி ஏவுகணைன்னு காட்டுச்சு, ஆளுங்க அத நம்பி சுட்டுட்டாங்க, ரெண்டு பேர் போனாங்க, அதுவும் சொந்தக் கூட்டணிக்காரங்க. ஒண்ணுல மிஷின நம்பியிருக்கணும், இன்னொண்ணுல நம்பியிருக்கக் கூடாது. எப்போ எதுங்கறது பட்டன அமுக்கத் தெரிஞ்சா மட்டும் வராதுக்கா, மிஷின் எங்கெல்லாம் ஏமாறும்னு பழகிப் பழகித்தான் வரும். பையனுக்கு ரெண்டு வருஷம் எதுக்குன்னு கேட்டா என் பதில் இதுதான்.

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நமக்கு இடமே இல்ல. சிங்கப்பூர் நீரிணையோட குறுகலான இடம் மூணு கிலோமீட்டர் கூட வராது, எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், பாத்தாம் தீவுக்குப் போற ஃபெர்ரி, மீன்பிடி படகு எல்லாம் அந்தச் சந்துக்குள்ளதான் போகணும். அங்க நம்ம கடற்படை 2025லேர்ந்து ஆளில்லா ரோந்துப் படகு விடுது. மத்த கப்பல்மேல மோதாம அதுவே வழி பார்த்துப் போகும், ஆனா கரையில ஆள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. அந்த நாற்காலியில நாளைக்கு உங்க பையனே உட்காரலாம். ஒரு தப்பான குண்டு, அதுவும் பக்கத்து நாட்டுக் கப்பல் மேலயோ பெரிய வல்லரசோட கப்பல் மேலயோ பட்டுச்சுன்னா, "மிஷின் பண்ணிடுச்சு"ன்னு சொல்லி நம்ம மாதிரி சின்ன நாடு தப்பிக்க முடியாது.

யார் பக்கம்னு கேட்டீங்க. அமெரிக்காவுக்கு நம்ம தளங்கள பயன்படுத்த 1990லேயே ஒப்பந்தம் போட்டோம், 2019ல அத 2035 வரைக்கும் நீட்டிச்சோம். வியாபாரத்துல சைனா நமக்கு ரொம்பப் பெரிய கூட்டாளி. ரெண்டு பேரும் நம்மள இழுப்பாங்க, சிலசமயம் வலிக்கவும் வைப்பாங்க, 2016ல, சைனா தன்னோடதுன்னு சொல்ற தைவான்ல பயிற்சி முடிச்சு வந்த நம்ம டெரெக்ஸ் கவச வண்டி ஒன்பது ஹாங்காங்ல மாட்டிக்கிட்டு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். 2025 ஜூலையில அமைச்சர் சண்முகம் நம்ம முக்கிய கட்டமைப்புகள யுஎன்சி3886ங்கற ஹேக்கர் கும்பல் தாக்குதுன்னு வெளிப்படையா சொன்னாரு, ஆனா எந்த நாடுன்னு சொல்லல. மேண்டியன்ட்ங்கற இணையப் பாதுகாப்பு கம்பெனி அந்தக் கும்பல சைனாவோட தொடர்புள்ளதுன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கு. நாட்டுப் பேர சொல்லாதத பயம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, கதவ பூட்டிக்கிட்டே பேச்சுவார்த்தைக்கும் ஜன்னல திறந்து வைக்கறதுதான் அது. அதே நாம 2022ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்தப்போ சும்மா இருக்கல, தடை போட்டோம். பெரிய நாடு சின்ன நாட்ட முழுங்கறது சரின்னு ஆயிட்டா அடுத்து நமக்கு என்ன பாதுகாப்பு? அதனால நம்ம பக்கம்னா அது நம்ம பக்கம்தான். இன்னொருத்தர் சண்டைக்காக உங்க பையனக் கூப்பிடல, இந்தத் தீவுக்காகத்தான்.

எனக்கு உண்மையிலேயே கவலை எதுன்னா, 2024 நவம்பர்ல லிமாவுல அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அணு ஆயுத முடிவ மனுஷன்தான் எடுக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க, நல்லது. ஆனா நம்ம கடல்ல அலையப் போற ட்ரோனுக்கும் படகுக்கும் அந்த மாதிரி ஒரு வார்த்தைகூட அவங்களுக்குள்ள கிடையாது. அதுக்கு மறுமாசம் ஐநாவுல தானியங்கி ஆயுதம் பத்தின தீர்மானத்துக்கு 166 நாடு கை தூக்குச்சு, ரஷ்யா, வடகொரியா, பெலாரூஸ் மூணும் எதிர்த்துச்சு, ஆனா அது யாரையும் கட்டுப்படுத்தற சட்டம் இல்ல. இதுக்கு ஒரு விதி வேணும்னு நம்ம மாதிரி சின்ன நாடுங்கதான் விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்.

பையன் முதல் தடவ புக்-அவுட் ஆகி, அதான் கேம்ப்லேர்ந்து லீவுல, வீட்டுக்கு வரப்போ நல்லா சமைச்சுப் போடுங்க, தூங்க விடுங்க. அப்புறமா இந்தத் தூண்டில் கதைய சொல்லி, அவன் அங்க நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பான்னு கேளுங்க. அவன் சொல்ற பதில எனக்கும் எழுதுங்கக்கா.