பதற்றம் தணியப் பின்னல்: வாங்குமுன் கேளுங்கள்

கே: வேலை நெருக்கடியில் மனம் ஒரு நிலையில் இல்லை. குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) பின்னினால் அடங்கும் என்கிறார்கள். 100 பொருட்கள் அடங்கிய 'மன அமைதிப் பெட்டி' ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

ப: வேண்டாம். பிளாஸ்டிக் அடையாள வளையங்களையும் குண்டூசிகளையும் தனித்தனியாக எண்ணினால் 100 சுலபமாக வந்துவிடும். என்னிடமும் அப்படியொரு பெட்டி உண்டு. அதில் உருப்படியாக உழைப்பது அளவு நாடா மட்டும். நூலோ எந்த வேலைக்கும் போதாத குட்டிக் கண்டுகளாக இருக்கும். ஒரே அசைவு தடங்கலில்லாமல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மனம் அடங்குகிறது. கொக்கியின் வாயில் பிசிறு இருந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் (பின்னல் வளையத்திலும்) நூல் மாட்டும், எரிச்சல்தான் மிஞ்சும்.

5 மிமீ அலுமினியக் கொக்கி ஊசி ஒன்று, நடுத்தரத் தடிமனில் (சீட்டில் 4 என்று போட்டிருக்கும்) வழவழப்பான, வெளிர் நிற நூல் 100 கிராம், நூல் முனைகளைச் செருகி மறைக்க நுனி மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்று. இவ்வளவு போதும். வாங்குமுன் கொக்கியின் உட்புறத்தில் நூல் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். இழை கிளம்பினால் வேறு எடுங்கள்.

பழக, 21 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த வளையம்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 20 சிங்கிள் குரோஷே (அடிப்படையான குட்டைக் கண்ணி). ஒரு சங்கிலி போட்டுத் திரும்பி மறுபடி 20. துணி முக்கோணமாகக் குறுகினால் வரிசைக் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கே: முதலில் கற்க எது நல்லது, இரண்டு ஊசிப் பின்னலா, குரோஷேயா?

ப: குரோஷே. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஊசி நழுவினாலும் வேலை மொத்தமாக அவிழாது.

கே: அழகாக இருந்ததால் கருப்பு மொஹேர் (ரோமம் நீண்ட ஆட்டுமுடி நூல்) 6 கண்டு வாங்கினேன். கண்ணியே தெரியவில்லை, பிரிக்கவும் வரவில்லை.

ப: கருப்பு ஒரு தொல்லை, ரோமம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து, அதுவும் 6 கண்டு! பின்னியதை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்துப் பிரித்தால் ரோமத்தின் பிடி ஓரளவு தளரும். பிரிக்காத கண்டுகளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள்.

கே: பாதிப் போர்வையில் நூல் தீர்ந்தது. அதே நிறம் வாங்கியும் கோடு போட்டதுபோல் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ப: சீட்டில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் இருக்கும். அது மாறினால் சாயலும் மாறும். நீங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டும் வேறு தொகுதியை அனுப்பியிருந்தால் தவறு அவர்களுடையது. கேட்காமல் வாங்கியிருந்தால் பழையதில் 2 வரிசை, புதியதில் 2 வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிக் கலந்துவிடுங்கள். இனி கிராமைப் பார்க்காமல் மீட்டரைக் கணக்கிட்டு, ஒரு கண்டு கூடுதலாக, ஒரே தொகுதியில் வாங்குங்கள்.

கே: ஆட்டுக்குட்டி பொம்மைக்கான பேட்டர்ன் (பின்னும் செய்முறைக் குறிப்பு) ஒன்றை இணையத்தில் வாங்கினேன். எத்தனை முறை பிரித்துப் பின்னினாலும் படத்தில் இருப்பதுபோல் வரவில்லை. அமைதிக்காகத் தொடங்கி அழுகைதான் வருகிறது. என் கைதான் சரியில்லையா?

ப: உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். யாரும் பின்னிப் பார்க்காத பேட்டர்ன்கள் இப்போது ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. படமும் எழுத்தும் கணினி உருவாக்கியவை. இதில் கொடுமை என்னவென்றால், ஏமாறுகிற புதியவர் தன்னையே நொந்துகொள்கிறார். விற்றவருக்கு அது வசதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உருண்டை 6 கண்ணியில் தொடங்கி 12, 18, 24 என்று சுற்றுக்கு 6 கூடுவது வழக்கம். 18 உள்ள சுற்றின்மேல் '2 கண்ணி சாதாரணம், அடுத்த ஒரே கண்ணிக்குள் 2' என்று 6 முறை செய்தால் 24. எழுதியிருக்கும் செய்முறையும் சுற்று முடிவில் தரும் எண்ணும் பொருந்தவில்லையா? அதையே சான்றாகக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்: வரிசைகள் பாதியில் மறையும், கண்ணிகள் ஒன்றோடொன்று கரையும்.

ஊசி அளவு, நூலின் மீட்டர், பல கோணங்களில் படம், வேறு யாராவது பின்னி முடித்த படம் ஆகியவை இல்லாத பேட்டர்னுக்குக் காசு கொடுக்காதீர்கள். எந்த நாட்டு முறை என்றும் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க முறையின் சிங்கிள் குரோஷே, பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே.

கே: சுத்தக் கம்பளி என்று விற்ற நூல் பிளாஸ்டிக் மாதிரி மினுக்குகிறது. எப்படிச் சோதிப்பது?

ப: ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீ தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் (செயற்கை இழை) உருகிக் கெட்டி மணியாகும். மணி வந்தால் சீட்டோடு போய்ச் சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

கே: மணிக்கட்டு வலிக்கிறது. விலை உயர்ந்த மரக் கைப்பிடி ஊசி வாங்கினால் போகுமா?

ப: போகாது. நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ஊசியை அரை மிமீ பெரிதாக்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை இறக்கி வையுங்கள். விரல் மரத்துப்போனால் மருத்துவரிடம் போங்கள், கடைக்கு அல்ல.