'டியோடினம்' என்று சொல்வது சரியா? எப்படி அசை பிரிப்பது?

கேட்பவருக்குப் புரியும், ஆனால் சரியான உச்சரிப்பு அது இல்லை. சிறுகுடலின் முதல் பகுதியான இதன் பெயரில் நான்கு அசைகள் உண்டு: டியூ–ஓ–டீ–னம். 'டியோ' என்றதும் முதல் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நீள வேண்டிய 'டீ' குறுகிவிடுகிறது. அந்த 'டீ'யில்தான் அழுத்தமே விழ வேண்டும்.

ஏன் அங்கே? இது லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் அழுத்தம் எங்கே விழும் என்பதைக் கடைசிக்கு முந்தைய அசை முடிவு செய்கிறது. அது நெடிலாக இருந்தாலோ ஒற்றில் முடிந்தாலோ அழுத்தம் அதற்கே. வெறும் குறில் என்றால் ஒரு அசை முன்னால் போய்விடும். குறில், நெடில், ஒற்று பார்த்துப் பழகிய நமக்கு இது எளிது. (யாப்பில் வரும் நேர், நிரை இல்லை, இங்கே உயிரொலி ஒவ்வொன்றும் தனி அசை.)

ப–டெல்–லா (முழங்கால் சில்லு): நடு அசை ஒற்றில் முடிகிறது, அழுத்தம் 'டெல்'லில். ஸ்கே–பு–லா (தோள்பட்டை எலும்பு): 'பு' குறில், அதனால் 'ஸ்கே'யில். வெர்–டெ–ப்ரா (முதுகெலும்புத் தொடரின் ஒரு எலும்பு) கொஞ்சம் ஏமாற்றும். 'டெப்–ரா' என்று பிரித்தால் கணக்கு தப்பும். 'ப்ர' சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும்; 'டெ' குறிலாக நிற்கும்; அழுத்தம் 'வெர்'ரில்.

நம் சொல்லுக்கு வருவோம். 'பன்னிரண்டு பன்னிரண்டாக' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. பன்னிரண்டு விரல் அகல நீளம் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் வைத்த பெயரின் வழி. உண்மையிலும் சுமார் 25 செ.மீ.தான். லத்தீனில் அது டு–ஒ–டே–னும், 'டே' நெடில். ஆங்கிலத்தில் அந்த நெடில்தான் 'டீ' ஆனது. 'டு'வும் 'ஒ'வும் அங்கேயே தனித்தனி அசைகள் என்பதையும் கவனியுங்கள்.

அமெரிக்கர்கள் பலர் 'டு–ஆ–ட–னம்' என்று 'ஆ'வை அழுத்துவார்கள். அகராதிகள் அதையும் ஏற்கின்றன, கேட்டால் திருத்தப் போகாதீர்கள். ஆனால் புதிதாகக் கற்பவர் 'டீ'யையே பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 'டியூஓடீனல்' என்று பெயரடையாக வரும்போதும் அது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலம் இந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படாது. தொப்புளைக் குறிக்கும் அம்பிலிகஸில் 'லி' லத்தீனில் நெடில், அழுத்தம் அங்கே விழ வேண்டும். பெரும்பாலோர் சொல்வது அம்–பி–லி–கஸ், 'பி'யை அழுத்தி. அதனால் புதுச் சொல் எதுவானாலும் மருத்துவ அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.