பழைய பாஸ்போர்ட்ல அமெரிக்க விசா, கையில புது பாஸ்போர்ட்: விசாவ மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார், எனக்குச் சொந்த ஊரு மேலூர் பக்கம், இப்ப சார்ஜால ஒரு கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசத்துல முடியுது. அதுல 2029 வரைக்கும் செல்லுற அமெரிக்க விசிட் விசா இருக்கு, டெக்சாஸ்ல எச்-1பி-ங்குற வேலை விசாவுல இருக்குற அக்காவப் பாக்கப் போக எடுத்தது. புது பாஸ்போர்ட் வந்தா அந்த விசா ஸ்டாம்பிங்க எப்படி அதுக்கு மாத்துறது? மதுரைல தெரிஞ்ச ஏஜெண்ட் ஒருத்தரு எட்டாயிரம் குடுத்தா மாத்தித் தர்றேங்குறாரு. என் பாஸ்போர்ட்ல ஒத்தப் பேருதான், சர்நேம் காலியா இருக்கு, அதனால புதுப்பிக்கிறப்பவே சர்நேம் சேத்துரு, அப்புறம் பழசு புதுசு ரெண்டையும் ஆபீஸ்ல குடுத்துருன்னு கம்பெனில விசா, அரசாங்க வேலையெல்லாம் பாக்குற பி.ஆர்.ஓ சொல்றாரு. ஒத்தக்கடைல ஒரு பிளாட்ட விக்க அப்பாவுக்குப் பவர் குடுத்துருக்கேன், அதுல பழைய பாஸ்போர்ட் நம்பர்தான் இருக்கு, அது செல்லுமா? அக்கா பாஸ்போர்ட்டும் இந்த அக்டோபர்ல முடியுது, அவங்களுக்கும் இதே வழிதானா?

பதில்: தம்பி, மொத வேலையா அந்த ஏஜெண்ட்டுக்கு ஒத்தப் பைசா குடுக்காதீங்க. பாஸ்போர்ட் குடுக்குறது நம்ம இந்திய அரசாங்கம், விசா குடுத்தது அமெரிக்கா, இதுல ஒருத்தர் குடுத்தத இன்னொருத்தர் மாத்த முடியாது, துபாய்ல இருக்குற இந்திய கான்சுலேட்டும் முடியாது, மதுரை ரேஸ்கோர்ஸ் ரோட்டுல இருக்குற பாஸ்போர்ட் ஆபீஸும் முடியாது. அப்ப அமெரிக்கத் தூதரகத்துல கேட்டா மாத்தித் தருவாங்களான்னா அவங்களும் அப்படி மாத்துறதே இல்ல, மாத்தவும் தேவையில்ல. விசா ஒட்டியிருக்குற பாஸ்போர்ட் முடிஞ்சு போனாலும் விசால போட்டுருக்குற தேதி வரைக்கும் அது செல்லும். கிழியாம, அழியாம, கேன்சல் ஆகாம இருக்கணும், ரெண்டு பாஸ்போர்ட்டும் ஒரே நாட்டோடதா ஒரே வகையா இருக்கணும், அவ்வளவுதான். உங்களது ரெண்டுமே இந்திய சாதா பாஸ்போர்ட், அதனால ரெண்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க. டிக்கெட் போடுறப்ப புது பாஸ்போர்ட் நம்பரக் குடுங்க, செக்கின் கவுண்டர்ல புதுச நீட்டி விசா பழசுல இருக்குன்னு சொல்லிப் பழசையும் காட்டுங்க. அங்க இறங்குனதும் இமிகிரேஷன் ஆபீசர் முத்திரை போடுறதா இருந்தா புதுசுல போட்டுட்டு, விசா வேற பாஸ்போர்ட்ல இருக்குன்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதுவாரு. தினமும் எத்தனையோ பேரு இப்படித்தான் போய் வர்றாங்க.

ஏஜெண்ட் மாத்தித் தர்றேன்னா என்ன அர்த்தம்னு யோசிங்க, விசா ஸ்டிக்கரப் பிரிச்சு புதுசுல ஒட்டப் போறாரு, இல்ல அந்தப் பக்கத்தையே வெட்டப் போறாரு. பிரிச்ச அந்த நிமிஷமே அது சேதமான விசா, அதக் கொண்டு போனா ஏறவே விட மாட்டாங்க, புதுசா அப்ளிகேஷன் போடணும். அதோட நம்ம பாஸ்போர்ட் சட்டம் 1967-ல பிரிவு 12 இருக்கு, பாஸ்போர்ட்ல உள்ள பதிவ அதிகாரம் இல்லாம மாத்துனாலும் மாத்தச் சொன்னாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. மாத்துனவன் மட்டும் மாட்ட மாட்டான், காசு குடுத்து மாத்தச் சொன்னவங்களும் சேந்துதான் மாட்டுவாங்க. நாளைக்குப் பெருங்குடி ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்கப் போறது நீங்க, அன்னைக்கு அந்த ஏஜெண்ட் போன எடுக்க மாட்டாரு.

புதுப்பிக்கக் குடுக்குறப்ப பழச வாங்கி கேன்சல் பண்ணி உங்ககிட்டயே திருப்பித் தருவாங்க. கேன்சல்னு முத்திரை இருக்கும், அட்டை ஓரத்த வெட்டியிருப்பாங்க, அதப் பாத்துப் பயந்துராதீங்க, அது பாஸ்போர்ட்டுக்குத்தான், விசாவுக்கு இல்ல. ஆனா குடுக்குறப்பவே உள்ள நடப்புல ஒரு விசா இருக்கு, பழசு எனக்குத் திரும்ப வேணும்னு கவுண்டர்ல வாய் தொறந்து சொல்லிருங்க, கைக்கு வந்ததும் அங்கயே நின்னு விசா பக்கத்தத் திருப்பி வெட்டோ முத்திரையோ அதுமேல விழலையான்னு பாத்துக்கங்க. புதுசோட கடைசிப் பக்கத்துல பழைய பாஸ்போர்ட்டோட நம்பர், குடுத்த தேதி, ஊரு அச்சாகியிருக்கும், அதுவும் சரியா இருக்கான்னு ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க, ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு காட்டுற சங்கிலியே அதுதான். ரெண்டையும் சேத்து வைக்கிறேன்னு சில பேரு ஸ்டேப்ளர் அடிக்கிறாய்ங்க, அது வேணாம், ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

இப்ப சர்நேம் விஷயத்துக்கு வர்றேன், என்னக் கேட்டா உங்க கேள்வியில இதுதான் பெரிய ஆபத்து. நம்மூர்ல எல்லாருக்கும் பேரு ஒண்ணு, முன்னாடி ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்ல இனிஷியல் வராது, அதனால கிவன் நேம்ல பேர எழுதி சர்நேமக் காலியா விட்டுருப்பாங்க. அமெரிக்கக்காரன் சர்நேம் இல்லாம விசா குடுக்க மாட்டான், அதனால உங்க ஒத்தப் பேரத் தூக்கி சர்நேம் இடத்துல போட்டுட்டு, கிவன் நேம் இடத்துல எஃப்.என்.யு-னு போட்டுருப்பான், மொதப் பேரு தெரியலங்குறதுக்குச் சுருக்கம். உங்க விசாவ இப்பவே எடுத்துப் பாருங்க, கண்டிப்பா அப்படித்தான் இருக்கும். இந்த நிலைமையில புது பாஸ்போர்ட்ல அப்பா பேரச் சர்நேமாச் சேத்தீங்கன்னா, விசால சர்நேமா இருக்குற உங்க பேரு பாஸ்போர்ட்ல கிவன் நேமாயிரும், விசால இல்லவே இல்லாத ஒரு பேரு சர்நேமா வந்து உக்காந்துரும். மெஷின் படிக்கிற அந்த அடிவரியிலயும் ரெண்டும் ஒத்துப் போகாது. பேரு மாறுனா புது விசா எடுத்துக்கங்கன்னுதான் அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லுது, அப்ப திரும்ப ஃபீஸ், திரும்ப இன்டர்வியூ தேதிக்குக் காத்துக் கிடக்கணும், 2029 வரைக்கும் கையில இருக்குற விசாவ நீங்களே வீணாக்குன மாதிரி ஆயிரும். அதோட முடியாது, அந்த நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி, லேபர் கான்ட்ராக்ட், பேங்க், லைசென்ஸ், ஊர்ல ஆதார், பான் எல்லாத்துலயும் பழைய பேரு நிக்கும், ஒவ்வொண்ணா மாத்த அலையணும்.

பி.ஆர்.ஓ சும்மா சொல்லல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2022 நவம்பர்ல யு.ஏ.இ ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ல வர்றவங்கள உள்ள விட மாட்டோம்னு ஒரு உத்தரவு போட்டாங்க, அப்ப நம்ம பக்கத்துச் சனம் ஏர்போர்ட்லயே திரும்பி வந்த கதையெல்லாம் நடந்துச்சு. ஆனா அது விசிட், டூரிஸ்ட் விசாவுல வர்றவங்களக் குறி வச்சது, உங்களுக்கு ரெசிடென்ஸ் விசா இருக்கு, அத வச்சு உங்களத் தடுக்கல. அப்பா பேரு பாஸ்போர்ட் ரெண்டாம் பக்கத்துல இருந்தா ஏத்துக்குறோம்னு அப்புறம் அவங்களே விளக்கமும் குடுத்தாங்க. அதனால என் முடிவான கருத்து, அமெரிக்க விசா உயிரோட இருக்குற வரைக்கும் உங்க பேருல ஒரு எழுத்தக் கூடத் தொடாதீங்க. அந்த விசா முடிஞ்சு அடுத்தது எடுக்கப் போறப்ப, அதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ல சர்நேம் சேத்துட்டு அப்புறம் விசாவுக்குப் போங்க, அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா வரும்.

சார்ஜா ரெசிடென்ஸ் விசா வேற மாதிரி. அங்க பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்டுறத 2022 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க, எமிரேட்ஸ் ஐடிதான் இப்ப எல்லாம், அதனால மாத்துறதுக்கு ஸ்டாம்ப்னு ஒண்ணும் கிடையாது, ஆனா கம்ப்யூட்டர்ல உங்க ஃபைல் பழைய பாஸ்போர்ட் நம்பரோடதான் கட்டியிருக்கு. புதுசு கைக்கு வந்ததும் அந்த நம்பர மாத்தியே ஆகணும். உங்களுக்கு கம்பெனி ஸ்பான்சர்ங்குறதால பி.ஆர்.ஓ-தான் ஐ.சி.பி-ங்குற அந்த நாட்டு அடையாள, குடியுரிமை ஆபீஸ்ல செஞ்சு தரணும், துபாய் விசாவா இருந்தா ஜி.டி.ஆர்.எஃப்.ஏ-ங்குற துபாய் இமிகிரேஷன் ஆபீஸ்ல. குடும்பத்த நீங்களே ஸ்பான்சர் பண்ணியிருந்தா அவங்களுக்கு நீங்கதான் போடணும். மாத்தி முடிக்காம லீவுக்குக் கிளம்பாதீங்க, தவிர்க்க முடியாம ஊருக்கு வர வேண்டியதாயிட்டா பழசும் எமிரேட்ஸ் ஐடியும் கூடவே இருக்கணும்.

அதுக்காகப் பி.ஆர்.ஓ கேக்குற மாதிரி ரெண்டு பாஸ்போர்ட்டையும் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துராதீங்க. நம்பர் மாத்துறதுக்கு ஸ்கேன் காப்பி குடுங்க, ஒரிஜினல் கேட்டா குடுத்துட்டு வேலை முடிஞ்சதும் திரும்ப வாங்கிருங்க, குடுக்குறப்பவே வாட்ஸ்அப்ல எதுக்குக் குடுக்குறேன்னு ஒரு வரி போட்டு வைங்க. பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 17 படி பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தோட சொத்து, யு.ஏ.இ-லயும் 2021-ல வந்த தொழிலாளர் சட்டத்துல, வேலைக்காரங்களோட டாக்குமெண்ட்ட முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 13-வது பிரிவுல இருக்கு. முடிஞ்ச பாஸ்போர்ட்தானே, கெடக்கட்டும்னு பழச ஆபீஸ் பீரோல விட்டீங்கன்னா போறது உங்க அமெரிக்க விசா. தொலைஞ்சு போன பாஸ்போர்ட்ல இருந்த விசாவுக்கு அமெரிக்காக்காரன் டூப்ளிகேட் குடுக்க மாட்டான், போலீஸ் ரிப்போர்ட் போட்டு தூதரகத்துக்குச் சொல்லிட்டு புதுசாத்தான் எடுக்கணும், சொன்னதுக்கப்புறம் பழசு கெடச்சாலும் அத உபயோகிக்க முடியாது.

லீவுல வந்து மதுரைலயே புதுப்பிச்சுக்கலாமான்னு நெறையப் பேரு கேப்பாங்க, செய்யலாம், சட்டப்படி தடையில்ல, 36 பக்கத்துக்கு 1,500 ரூபா, 60 பக்கத்துக்கு 2,000, தத்கால்னா மேல ஒரு 2,000. ஆனா பாஸ்போர்ட் சேவா கேந்திரால அன்னைக்கே பழசக் கேன்சல் பண்ணிருவாங்க, புதுசு ஸ்பீட் போஸ்ட்ல வர்ற வரைக்கும் உங்ககிட்ட நடப்பு பாஸ்போர்ட் இருக்காது, லீவு முடியப் போற நேரத்துல போலீஸ் வெரிஃபிகேஷன் இழுத்துச்சுன்னா வேலைக்கே வேட்டு. நீங்க சார்ஜாலயே போடுங்க, முடியுறதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே புதுப்பிக்கலாம்ங்குறப்ப நாலு மாசமே லேட்டுதான், இந்த வாரமே ஆரம்பிங்க. அங்க போட்டாலும் மேலூர் விலாசத்துக்குப் போலீஸ் விசாரிக்க வரலாம், வீட்டுல சொல்லி வைங்க.

ஒத்தக்கடை பவரப் பத்திக் கவலை வேணாம். பவர் குடுத்தது நீங்க, உங்க பாஸ்போர்ட் நம்பர் இல்ல, அடையாளத்துக்குப் போட்ட நம்பர் மாறுனதால பத்திரம் செத்துப் போகாது. சார் பதிவாளர் ஆபீஸ்ல நம்பர் வேற மாதிரி இருக்கேன்னு கேட்டா, புதுசோட மொதப் பக்கம், பழைய நம்பர் இருக்குற கடைசிப் பக்கம் ரெண்டோட காப்பியையும் அப்பாகிட்ட குடுத்து வைங்க, அதக் காட்டுனாப் போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அந்தப் பவர் அங்க கான்சுலேட்ல கையெழுத்துப் போட்டு அனுப்புனதுன்னா, இந்தியாவுக்கு வந்து சேந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டணும், இந்திய முத்திரைச் சட்டம் பிரிவு 18. கட்டுனாங்களான்னு அப்பாகிட்ட இன்னைக்கே கேளுங்க, நம்ம பக்கத்துல பவர் பத்திரம் சிக்குறது பெரும்பாலும் இதுலதான்.

அக்கா விஷயம் உங்களது மாதிரி கிடையாது, உங்களதவிட அவசரம். விசா தேதி வேற, அங்க தங்குறதுக்குக் குடுத்த தேதி வேற. அந்தத் தங்குற தேதி ஐ-94-னு ஒரு ரெக்கார்டுல இருக்கும், உள்ள நுழையுறப்ப பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப் போகுதுன்னா, கம்பெனிக்குக் குடுத்த அப்ரூவல் 2027 வரைக்கும் இருந்தாலும், ஐ-94-ல பாஸ்போர்ட் முடியுற அக்டோபர் தேதியையே போட்டு விட்டுருவாங்க. அப்புறம் கான்சுலேட்ல புது பாஸ்போர்ட் எடுத்துட்டா எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அங்கதான் மாட்டுறாங்க, பாஸ்போர்ட் புதுசானா ஐ-94 தானா நீளாது. அந்தத் தேதி தாண்டி இருந்தா அனுமதி இல்லாம இருந்ததாக் கணக்கு, விசாவே செல்லாமப் போயிரும், 180 நாளத் தாண்டிட்டு வெளிய வந்தா மூணு வருஷம், ஒரு வருஷம் தாண்டிட்டா பத்து வருஷம் உள்ள போகத் தடை.

அக்காவ இன்னைக்கு ராத்திரியே அமெரிக்க கஸ்டம்ஸ் அண்ட் பார்டர் புரொடெக்ஷனோட ஐ-94 வெப்சைட்ல போயி கடைசியா உள்ள வந்த பதிவுல என்ன தேதி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. அப்ரூவல் பேப்பர்ல உள்ள தேதியும் அதுவும் ஒண்ணா இருந்தா பிரச்சனை இல்ல, புது பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா போதும். அக்டோபர்னு இருந்தா ரெண்டு வழிதான், புது பாஸ்போர்ட்டோட ஒரு தடவ நாட்டுக்கு வெளிய போயிட்டுத் திரும்ப நுழையணும், இல்ல அந்தத் தேதிக்கு முன்னாடியே கம்பெனி மூலமா நீட்டிப்புக்கு மனுப் போடணும். மச்சானும் பிள்ளைங்களும் கூட இருந்தா அவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஐ-94, தனித்தனித் தேதி, அக்காவுக்கு மனுப் போட்டா அவங்களுக்குத் தானா வராது, அவங்களுக்குத் தனி ஃபாரம். இதுக்கு நான் இங்க மதுரைல உக்காந்து மனு எழுதித் தர முடியாது, அங்க லைசென்ஸ் உள்ள இமிகிரேஷன் அட்டர்னிகிட்டத்தான் போகணும், கம்பெனி எச்.ஆர் பாத்துக்குவாங்கன்னு அக்டோபர் வரைக்கும் விட்டுற வேணாம்.