கைப்பிள்ளையோடு முதல் கப்பல் சுற்றுலா: கேள்வி பதில்

அரையாண்டு விடுமுறைக்குக் கப்பல் சுற்றுலா போக நினைக்கும் குமரி மாவட்டம், பாறசாலை, செங்கோட்டைப் பக்கத்துப் பெற்றோர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஏஜென்ட் நல்லவர், எங்கே சலுகை என்ற கேள்விகளை விட்டுவிட்டேன்.

தக்கலை: அக்கா, மகளுக்கு 2 வயசு. இதுவரை விவேகானந்தர் பாறைக்குப் போற போட்டுலதான் ஏறியிருக்கா. முதல் தடவை எங்கேயிருந்து, எத்தனை ராத்திரி போகலாம்?

இரண்டு ராத்திரி. மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நடுவில் இறங்க வழி கிடையாது.

பாறைப் படகை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அது சில நிமிஷம்தான். கொச்சியில் கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.ஐ.என்.சி.யின் நெஃபர்டிட்டி கப்பல் இருக்கிறது. 200 பேர் போகலாம், சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பும். ஓடும் நாளைக் கேட்டுக்கொண்டு பகல் பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு பெரிய கப்பலுக்குப் பணம் கட்டுங்கள்.

பெரிய கப்பலில், கோர்டீலியா என்ற சுற்றுலாக் கப்பல் பெரும்பாலும் மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் ஓட்டியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போது அது ஒருவழியா, கிளம்பின இடத்துக்கே திரும்புவதா என்று பாருங்கள். கொச்சியில் ஏறி மும்பையில் இறங்கினால் ஊர் திரும்ப ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். பிள்ளை அலுத்துப்போவது கப்பலில் அல்ல, அந்த ரயிலில்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கம் போக வேண்டாம். ஓண விடுமுறையும் அதற்குள்தான் வரும். டிசம்பர், ஜனவரி நல்ல காலம்.

நாகர்கோவில்: பால்கனி அறைக்கு ரேட் ரொம்ப அதிகம். பிள்ளைக்காக எடுக்கலாமா? பையனுக்கு 4 வயசு.

பிள்ளைக்காக என்றால் வேண்டாம். அறையின் வகையைவிட அது கப்பலில் இருக்கும் இடம்தான் முக்கியம். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவன் அதிகம் அசைவதில்லை, கப்பலும் அப்படியே முன்னும் பின்னும் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க அடியில் இறக்கைபோல ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் முன்பின் ஆட்டத்தை அதனால் தடுக்க முடியாது. அதனால் நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம் என்று கேளுங்கள். டெக் வரைபடத்தைப் பார்த்து அறை எண்ணைச் சொல்லியே பதிவு செய்யுங்கள். மேலேயும் கீழேயும் நடன அரங்கோ சமையலறையோ இல்லாமல், அறைகளே இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத உள் அறை பகலிலும் இருட்டாக இருக்கும், மத்தியானத் தூக்கத்துக்கு அதுவே வசதி.

பால்கனிதான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். கம்பித் தடுப்பு ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம்தான் உயரம், நாலு வயசுப் பையனும் ஏறக்குறைய ஒரு மீட்டர். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தால் தடுப்பு இல்லாத மாதிரிதான். ஏறின உடனே அறைப் பணியாளரிடம் சொல்லி நாற்காலிகளை எடுக்கச் சொல்லுங்கள், பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் விழுகிறதா என்றும் பாருங்கள். அறைக் கதவும் கனமானது, தானாக மூடிக்கொள்ளும். விரல் நசுங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

களியக்காவிளை: மடியில வச்சுக்கிற 8 மாசப் பிள்ளைக்கும் டிக்கெட் உண்டா?

உண்டு. பஸ் கணக்கு இங்கே செல்லாது. உயிர்காப்புப் படகில் கைப்பிள்ளையும் ஓர் ஆள்தான், அதனால் அறையின் ஆள் கணக்கிலும் சேரும். கட்டணம் குறையலாம், துறைமுக வரி குறையாது. பல நிறுவனங்கள் ஆறு மாதம் முடியாத பிள்ளையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலிலேயே போகும் பயணத்துக்கு ஒரு வயது கேட்பார்கள். பயணம் கிளம்பும் தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. தொட்டில் வேண்டும் என்று பதிவின்போதே எழுதிக் கொடுங்கள், கப்பலில் அவை கொஞ்சம்தான் இருக்கும்.

பாறசாலை: எனக்க மவன் ஏத்தங்காய்ப் பொடியும் கூவரகுக் கஞ்சியும் தவிர ஒண்ணும் தொட மாட்டான். ஒரு சின்ன கெட்டில் கொண்டு போலாமா அக்கா?

கெட்டில் கூடாது. இஸ்திரிப் பெட்டி, சூடுபண்ணும் கம்பி எல்லாமே தீ ஆபத்து என்று ஸ்கேனிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். வீட்டில் அரைத்த பொடியை லேபிள் இல்லாமல் கொண்டுபோனால் அதையும் எடுக்க வாய்ப்பு உண்டு. கடையில் சீல் வைத்து விற்கும் குழந்தை உணவு, பால் பவுடர், டெட்ரா பாக் பால் ஆகியவற்றைப் பெரும்பாலும் விடுவார்கள்.

வழி இதுதான். காலி ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று கொண்டுபோங்கள், பஃபே கூடத்தில் வெந்நீர் கொடுப்பார்கள். கொதிக்க வைத்துக் கிண்டும் பொடி அதில் வேகாது, அதனால் வெந்நீரில் கரைத்தாலே போதும் என்று எழுதியிருக்கும் முன்வேகவைத்த வகையை வாங்குங்கள். கிளம்புவதற்கு முன்பே இரண்டு வாரம் அதையே கொடுத்துப் பழக்குங்கள். புது இடத்தில் புதுச் சாப்பாடு பிள்ளைக்கு இறங்காது.

இதையெல்லாம் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர இரவுகூட ஆகலாம். டயபர், இரண்டு மாற்றுத் துணி, மருந்து, ஒருவேளை உணவு, ஆவணங்கள் எல்லாம் கைப்பையில்தான்.

குளச்சல்: நீச்சல் டயபர் போட்டா குளத்துல இறக்கலாமா?

கூடாது. டயபர் பழக்கம் விடாத பிள்ளைக்குக் குளத்தில் இடமில்லை, நீச்சல் டயபர் போட்டாலும் இதே விதிதான். அது மலத்தைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் போட்ட தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளை கழித்தால் குளத்தையே மூட வேண்டும். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனி நீர்த்தளம் உண்டு, பதிவுக்கு முன் கேளுங்கள்.

செங்கோட்டை: 3 வயசுப் பையன். ஆரியங்காவு வளைவுலேயே வாந்தி எடுப்பான். கப்பல்ல என்ன பண்ண?

இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம், 2 முதல் 12 வரைதான் அதிகம். உங்கள் மகன் அந்த வயதில் இருக்கிறான். அறையை நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் தொடங்கினால் அறைக்குள் படுக்கவைக்காமல் திறந்த தளத்துக்குத் தூக்கிப்போய், கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மொபைல், படப்புத்தகம் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம். இட்லி, பிஸ்கட் போதும்.

வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒரே மடக்காக இல்லாமல், 5 மில்லி ஸ்பூனால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை. பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான், 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு. ஆறு மணி நேரம் மூத்திரம் போகவில்லை என்றால் கப்பல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேளுங்கள்.

குளச்சல், மருந்துக்கடை: இதுக்கு டாக்டர் எதுக்கு? அவோமின் கால் மாத்திரை, கைப்பிள்ளைக்கும் கொடுக்கோம். நல்லா உறங்கும். இத்தனை வருஷத்தில ஒண்ணும் ஆவல.

அண்ணாச்சி, இதை நான் விட மாட்டேன். அவோமினில் இருப்பது புரோமெதசைன். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி உயிர் போகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை அந்த மருந்துக்குக் கட்டம் போட்டு எச்சரிக்கை வைத்திருக்கிறது. கையால் உடைத்த கால் மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் மூச்சு வாங்கினால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம், நடுக்கடலில் எங்கே ஓடுவது?

குளச்சல், மருந்துக்கடை: ரெண்டு வயசுக்கு மேல டாக்டர்மாரே எழுதுறாங்களே. ஏன் சனங்களைப் பயமுறுத்துறீங்க?

எழுதுவார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. எடை பார்த்து, அளவு சொல்லி எழுதினால் கொடுக்கலாம். பிள்ளை உறங்கினால் நமக்கு நிம்மதி என்று கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், எப்போது வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். சில பிள்ளைகள் உறங்குவதற்குப் பதில் துள்ளி ஆர்ப்பாட்டம் பண்ணும்.

களியக்காவிளை, நர்ஸ்: சளி சிரப் ஏற்கெனவே குடிக்கிற பிள்ளைக்கு இதையும் கொடுத்தா இரட்டை மயக்கம். அதையும் சொல்லுங்க அக்கா.

நல்லது சொன்னீர்கள். பல சளி சிரப்பில் குளோர்பெனிரமைன் இருக்கும், அதுவும் உறக்கம் தரும் மருந்துதான். அது ஃபீனைலெஃப்ரினோடு சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உத்தரவிட்டது. கப்பலில் ஏறும் வாரம் பிள்ளை என்னென்ன மருந்து குடிக்கிறது என்று டாக்டரிடம் முழுப் பட்டியலும் சொல்லுங்கள்.

தூத்தூர்: எலுமிச்சம்பழம் மோந்து பாத்தாலே போதும். காதுக்குப் பின்னால ஒட்டுற ஸ்டிக்கரும் நல்லது.

எலுமிச்சையால் கேடில்லை, கொடுங்கள். அந்த ஸ்டிக்கரில் மருந்து இருக்கிறது, அது பெரியவர்களுக்கானது, பிள்ளைக்கு ஒட்டவே கூடாது. நீங்கள் ஒட்டினாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். மருந்துப் பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன்.

இரணியல்: என் மகளுக்கு ஒன்றரை வயசு, நீச்சல் டயபரோட குளத்துல…

குளச்சலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

குழித்துறை: விழிஞ்ஞத்திலிருந்து டூரிஸ்ட் கப்பல் உண்டா? பக்கமாச்சே.

அது சரக்குப் பெட்டகத் துறைமுகம். கொச்சிக்குப் போங்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் பயணியர் போக்குவரத்துதான், சுற்றுலாக் கப்பல் அல்ல.

கருங்கல்: வீட்டுக்காரர் துபாயில். நானும் 5 வயசு மகனும் சிங்கப்பூர் போய் அங்கேயிருந்து கப்பல் ஏறலாம்னு இருக்கோம்.

அப்பா சம்மதக் கடிதம் எழுதி, கையெழுத்தும் அவர் பாஸ்போர்ட் நகலும் சேர்த்து அனுப்பட்டும். நோட்டரி செய்தால் இன்னும் நல்லது. மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான் செல்லும், கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது முடியும் தறுவாயில் இருக்கும், தேதியைப் பாருங்கள். பயணத் தேதிக்கு அப்பால் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். கப்பல் மலேசியா போய்விட்டு சிங்கப்பூருக்கே திரும்பும் என்பதால், பலமுறை நுழையும் சிங்கப்பூர் விசா தேவை. எல்லாம் கைப்பையில். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் கவுண்டரிலேயே நிற்க வேண்டியதுதான்.

மார்த்தாண்டம்: கொச்சியிலிருந்து லட்சத்தீவு சமுத்திரம் பேக்கேஜ், 10 மாசப் பிள்ளையோட?

என் அபிப்பிராயம், வேண்டாம். ஐந்து நாள் பயணம். இரவு கப்பலில் உறங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்குவார்கள். பல இடத்தில் கப்பல் கரைக்கு வராது, வெளியே நிற்கும். அங்கிருந்து ஆடுகிற சின்னப் படகுக்கு மாற வேண்டும். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் அது பத்திரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது ஒவ்வொரு நாளும் ஆபத்து. தானாக நடந்து, சொன்ன பேச்சைக் கேட்கும் ஐந்தாறு வயதில் போங்கள், அருமையான இடம். நுழைவு அனுமதி பிள்ளைக்கும் தனியாக வேண்டும்.

திருவட்டாறு: கிட்ஸ் கிளப்புல விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போலாமா?

பொதுவாக 3 வயது முடிந்து, டயபர் விட்டிருந்தால் எடுப்பார்கள். முதல் நாளே பெயர் பதிந்துவிடுங்கள்.

அருமனை: பால் காய்ச்ச கெட்டில்…

கூடாது. பாறசாலைக்குச் சொன்னதுதான்.

தக்கலை: ஏறின உடனே முதல்ல என்ன செய்யணும் அக்கா?

முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். கரை தாண்டினதும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும், அந்தக் கட்டணம் ஊர் ரோமிங் கணக்கே அல்ல. பிள்ளை கார்ட்டூன் பார்க்க வேண்டும் என்றால் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பாதுகாப்புப் பயிற்சி. 2012-இல் கோஸ்டா கன்கார்டியா விபத்துக்குப் பிறகு விதியை இறுக்கினார்கள். ஏறிய பயணிகளுக்குக் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பின உடனேயோ இதை நடத்தியாக வேண்டும். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெடுஞ்சங்கு ஊதினால் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். சத்தத்தில் பிள்ளை மிரளும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அறையில் இருப்பது பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட். 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு. ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. அறைப் பணியாளரிடம் பிள்ளையின் எடையைச் சொல்லி அன்று சாயங்காலமே வாங்கி, ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் கைக்குத் தெளிக்கும் சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக அடங்காது. பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டு உட்காரவையுங்கள்.